ராதையின் மகனுக்கு வேறு தம்பிகளும் இருந்தார்கள்

1988 ஜூலை இறுதியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடர் முடிவுக்கு வந்தது. ராமன் முடிசூடுவதோடு கதையை நிறுத்திக்கொள்வதுதான் திட்டம். பஞ்சாபின் ஜலந்தரில் தூய்மைப் பணியாளர்கள் இதை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வோ பணி நிரந்தரமோ அவர்கள் அப்போது கேட்டதல்ல. உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும் என்றார்கள். வேலைநிறுத்தம் வட இந்தியாவின் வேறு நகரங்களுக்கும் பரவியது. குப்பை தேங்கிச் சுகாதாரக் கேடு வந்துவிடும் நிலையில் அரசு இறங்கி வந்தது. சில மாதங்களில் உத்தர ராமாயணம் ஒளிபரப்பானது.

அவர்களில் பெரும்பாலோர் வால்மீகி சமூகத்தினர். வால்மீகியைத் தங்கள் குருவாகக் கொண்டவர்கள். உத்தர காண்டத்தில்தான் வால்மீகி கதைக்குள்ளேயே பெரிய பாத்திரமாக வருகிறார். காட்டில் விடப்பட்ட சீதைக்கு அவர்தான் அடைக்கலம் தருகிறார், லவனையும் குசனையும் வளர்க்கிறார். அந்தப் பகுதி இல்லாமல் தொடரை முடித்தால் தங்கள் ஆள் கதையிலிருந்தே வெட்டப்படுகிறார் என்று அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். தவம் செய்ததற்காகச் சம்பூகன் என்ற சூத்திரனின் தலை வெட்டப்படுவதும் அதே உத்தர காண்டத்தில்தான் என்பது இதற்குள் இருக்கும் இன்னொரு கசப்பு.

இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில், பார்வையாளர்கள் ஒரு புராணத் தொடரின் முடிவையே மாற்றவைத்த நிகழ்வு இது. செய்தவர்கள் தலித்துகள். இளைஞர்களுக்கு ஊடக வரலாறு சொல்லிக்கொடுக்கும் இடங்களில் இதை நாம் சொல்வதே இல்லை.

அதே மாதங்களில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1987இல் மகாராஷ்டிர அரசு அண்ணல் அம்பேத்கரின் எழுத்துகள் வரிசையில் நான்காம் தொகுதியாக ‘இந்து மதத்தின் புதிர்கள்’ நூலை வெளியிட்டது. ராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி சிவசேனா தெருவில் இறங்கியது. 1988 தொடக்கத்தில் தலித் மக்கள் லட்சக்கணக்கில் மும்பையில் திரண்டு பதில் சொன்னார்கள். அந்தக் கருத்துகளோடு அரசுக்கு உடன்பாடில்லை என்ற குறிப்போடு அந்தப் பகுதி நூலில் நின்றது. ஞாயிறு காலை தொலைக்காட்சிக்கு மாலை போட்டு நாடு ராமாயணம் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ராமன் கதையைக் கேள்வி கேட்கும் உரிமைக்காக நம் மக்கள் ஊர்வலம் போனார்கள். ‘கதைதானே, விடுங்கள்’ என்று அன்று நம் முன்னோர் சொல்லவில்லை.

*

1988 அக்டோபர் 2 அன்று பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடங்கியது. 94 பகுதிகள். பிறகு 2013இல் ஸ்டார் பிளஸ் புதிய ‘மகாபாரத்’ எடுத்தது. அது தமிழில் விஜய் தொலைக்காட்சியில் ஓடியது. 2015இல் சோனி கர்ணனை மட்டும் நாயகனாக வைத்து ‘சூர்யபுத்ர கர்ண்’ எடுத்தது. 2020 ஊரடங்கில் பழைய தொடர்களைத் தூர்தர்ஷன் தூசி தட்டி மறுபடி ஓட்டியது.

அந்தத் தொடர்களோடு வளர்ந்த தலைமுறை இன்று கைபேசியில் கதை எழுதுகிறது. ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ என்கிறார்கள். ரசிகர் புனைவு என்று வைத்துக்கொள்வோம். தொடரில் வந்த பாத்திரங்களை எடுத்து, தொடர் சொல்லாததை, சொல்ல மறுத்ததைத் தாங்களே எழுதுவது. மகாபாரதத்தில் அதிகம் எழுதப்படும் இணைகளில் ஒன்று கர்ணனும் அர்ஜுனனும். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, அது தெரியாமலே ஒருவரையொருவர் கொல்லச் சபதமிட்ட அண்ணன் தம்பி. பதின்ம வயதில் ஒருவரைக் கண்கலங்க வைக்க இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வரும் பெண் பிள்ளைகளிலும் சிலர் எழுதுகிறார்கள். படிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். அவற்றையும் செயலிகளில் கிடைக்கும் கதைகளையும் படிக்கும்போது மூன்று வகை திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, குந்தி முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கர்ணன் பாண்டவர்களின் மூத்தவனாக அரண்மனையில் வளர்கிறான், போரே நடக்காமல் போகிறது. இரண்டு, போர்க்களத்தில் கடைசி நொடியில் அர்ஜுனனுக்குத் தெரிந்துவிடுகிறது. வில்லைக் கீழே போட்டு அண்ணனை மடியில் கிடத்தி அழுகிறான். மூன்று, இருவரும் இந்தக் காலத்தில் ஒரே கல்லூரியில் மறுபிறவி எடுத்து வருகிறார்கள். ஒருவன் பணக்கார வீட்டுப் பையன், மற்றவன் டிரைவர் மகன்.

இவற்றை நான் கேலி செய்யவில்லை. எழுதப் பழகுவதற்கு இது நல்ல பள்ளிக்கூடம். ஆனால் மூன்றிலும் கர்ணனின் துயரம் ஒரே வழியில்தான் தீர்கிறது: அவன் உண்மையில் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. இந்தத் தீர்வு எங்கிருந்து வந்தது, யாருக்குப் பயன்படுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

*

முதலில் ‘சூத புத்திரன்’ என்றால் என்ன? மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் கணக்குப் போட்டுச் சொல்கிறது: க்ஷத்திரியத் தந்தைக்கும் பார்ப்பனத் தாய்க்கும் பிறந்தவன் சூதன். அவன் தொழில் குதிரைகளைப் பராமரிப்பதும் தேர் ஓட்டுவதும். அதே அத்தியாயம் சூத்திரத் தந்தைக்கும் பார்ப்பனத் தாய்க்கும் பிறந்தவனைச் சண்டாளன் என்கிறது. அவன் ஊருக்கு வெளியே வாழ வேண்டும், உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும் என்கிறது. இரண்டும் கலப்பு என்றே இழிவுபடுத்தப்பட்டாலும் இரண்டும் ஒன்றல்ல. சூதனுக்கு அரசவையில் இடம் உண்டு. திருதராஷ்டிரனுக்குப் பக்கத்திலேயே இருந்து போரைச் சொல்லும் சஞ்சயன் சூதன். விராட நாட்டின் படைத்தலைவன் கீசகன் சூதன் மகன். நைமிசாரண்யத்தில் முனிவர்களுக்கு மகாபாரதத்தையே சொல்லும் உக்கிரசிரவஸும் சூதர்தான்.

எனவே ‘கர்ணன் தலித்’ என்று நம் தோழர்கள் முகநூலில் எழுதும்போது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவமானம் நமக்குத் தெரிந்த அவமானம்தான். வில் திறமை காட்ட அரங்கத்துக்கு வந்தவனிடம் குலம் என்ன என்று கேட்டதும், தேரோட்டியான அதிரதன் வந்து மகனே என்று கட்டிக்கொண்டதும் போய்ச் சாட்டையைப் பிடி என்று பீமன் சிரித்ததும் நமக்குப் பழக்கமான காட்சிகள். ஆனால் சேரி அந்தக் கதையில் அவனுக்கும் கீழேயும் வெளியேயும் இருக்கிறது.

இந்தக் கதை எப்போதும் ஒரே மாதிரி இருந்ததும் இல்லை. புனேவின் பண்டார்க்கர் ஆய்வு நிறுவனம் 1919 முதல் 1966 வரை ஏராளமான சுவடிகளை ஒப்பிட்டு மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பைக் கொண்டுவந்தது. சுயம்வரத்தில் ‘சூதனை மணக்க மாட்டேன்’ என்று திரௌபதி கர்ணனை மறுக்கும் புகழ்பெற்ற இடம் அந்தப் பதிப்பின் மூல பாடத்தில் இல்லை. சில சுவடிகளில் மட்டுமே இருப்பதால் அது பிற்சேர்க்கை என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. என்றோ ஒருவர் கதையில் இடைவெளி கண்டு ஒரு வசனத்தை எழுதிச் சேர்த்திருக்கிறார். அதுவும் ரசிகர் புனைவுதான். தொடரை மீறி எழுதுவது பாவம் என்று யாராவது பிள்ளைகளை மிரட்டினால் இதைச் சொல்லுங்கள். இந்த நூல் வளர்ந்ததே அப்படித்தான்.

*

தமிழிலும் கர்ணனை விடாமல் எழுதியிருக்கிறோம். வடமாவட்டங்களின் தெருக்கூத்தில் ‘கர்ண மோட்சம்’ விடிய விடிய நடக்கும். வடமொழியில் இல்லாத பொன்னுருவி என்ற மனைவி தமிழ் வழக்கில் வருகிறாள். பிறப்புத் தெரியாதவன் என்று கணவனையே இகழ்பவள் அவள். சாதி கட்டில்வரைக்கும் வரும் என்று நம் கூத்துக் கலைஞர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

1964 பொங்கலுக்கு பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ வந்தது. சிவாஜி கணேசனுக்காக அழுதவர்களில் நம் பாட்டிகளும் உண்டு. 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோதும் கூட்டம் வந்தது. 1991இல் மணிரத்னத்தின் ‘தளபதி’ இந்த ரசிகர்கள் விரும்பும் முடிவையே எடுத்துக்கொண்டது. கூட்ஸ் ரயிலில் விடப்பட்டுக் குப்பத்தில் வளர்ந்த சூர்யாவும் கலெக்டரான தம்பி அர்ஜுனும் உறவைத் தெரிந்துகொள்கிறார்கள். துரியோதனன் இடத்தில் இருக்கும் தேவா சாகிறான், கர்ணன் பிழைத்து அம்மாவிடம் சேர்கிறான்.

2021 ஏப்ரலில் மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ வந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை நடத்திய வெறியாட்டத்தின் நினைவு அதற்குப் பின்னால் இருக்கிறது. பேருந்து நிற்காத ஊர். அந்த ஊரில் பெரியவர் பெயர் துரியோதனன், நாயகன் கர்ணன், அவன் காதலி திரௌபதி. காவல் அதிகாரியின் பெயர் கண்ணபிரான். இந்தக் கர்ணனுக்குப் பிறப்பு ரகசியம் கிடையாது. எந்த அரண்மனையும் அவனைத் தேடி வராது. அவன் அம்மாவும் அப்பாவும் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். 1964க்கும் 2021க்கும் உள்ள தூரம் இதுதான். பழைய கர்ணனுக்குக் கிடைத்த வெளியேறும் கதவு புதியவனுக்கு இல்லை. அதனால் அவன் மொத்த ஊருக்காகச் சண்டை போட வேண்டியிருக்கிறது.

*

பிறப்பு ரகசியம் என்ற அந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

கர்ணன் கதையில் சாதி அநீதி என்று காட்டப்படவில்லை, ஆள்மாறாட்டம் என்று காட்டப்படுகிறது. அவனை இகழ்ந்தது தவறு, ஏனென்றால் அவன் உண்மையில் க்ஷத்திரியன். அப்படியானால் உண்மையிலேயே தேரோட்டிக்குப் பிறந்த ஒருவனை இகழ்ந்தால் தவறில்லையா? கதை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. திறமை எங்கே இருக்கிறதோ அங்கே தோண்டினால் உயர்ந்த ரத்தம் கிடைக்கும் என்று மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுக்கும்.

இது கர்ணனோடு முடியவில்லை. ஏகலைவன் நிஷாதர் தலைவனின் மகன். யாரும் கற்றுத் தராமல் வில் பழகியவன். துரோணர் அவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார், அர்ஜுனனுக்கு நிகர் இல்லை என்பது காப்பாற்றப்பட்டது. பின்னால் வந்த ஹரிவம்சம் என்ன செய்தது தெரியுமா? ஏகலைவன் உண்மையில் யாதவ குலத்தவன், வசுதேவரின் தம்பி தேவசிரவஸின் மகன், சிறு வயதில் கைவிடப்பட்டு நிஷாதர்களிடம் வளர்ந்தவன் என்று எழுதிவிட்டது. கட்டைவிரலை எடுத்தது போதாதென்று அவன் அப்பா அம்மாவையும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் பிள்ளைகள் கல்லூரியில் நல்ல மதிப்பெண் எடுத்தால் ‘உன்னைப் பார்த்தால் எஸ்.சி. மாதிரியே தெரியலையே’ என்று ஒரு பாராட்டு கிடைக்கும். சொல்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். ஹரிவம்சம் ஏகலைவனுக்குச் செய்ததைத்தான் அவரும் செய்கிறார்.

புராணம் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் அரசு ஆணைகளைப் பார்க்கட்டும். விளையாட்டு வீரர்களுக்கு ஒன்றிய அரசு தரும் விருது 1961 முதல் அர்ஜுனா. பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் துரோணாச்சாரியா. பழங்குடிப் பிள்ளைகளுக்கென 1997-98இல் தொடங்கிய உறைவிடப் பள்ளிகளுக்கு ஏகலைவா. பெயர் வைத்தவர்கள் கதையை மறந்து வைக்கவில்லை. 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். அதே ஆண்டு ஏப்ரலில் ஹரியானா அரசு துரோணரின் பெயரால் குர்கானை குருகிராம் என்று மாற்றப்போவதாக அறிவித்தது.

நம் ஊரிலும் அப்படித்தான். பாரதக் கூத்து நடப்பது திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைய எதிர்ப்பு வந்து, 2023 ஜூனில் வருவாய்த்துறை கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தது. சூதன் மகன் என்று ஒருவன் இழிவுபட்ட கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு அழுத மண்ணில்தான் இதுவும் நடந்தது. கர்ணனுக்காக வடியும் கண்ணீர் தானாகவே சாதியைக் கரைத்துவிடாது.

*

இனி, பிள்ளைகள் எழுதும் அந்த ஒன்றுசேரும் முடிவுக்கு வருவோம். அந்த முடிவு மகாபாரதத்திலேயே இருக்கிறது. உத்யோக பர்வத்தில் கிருஷ்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய் எல்லா உண்மையையும் சொல்கிறான். நீதான் மூத்த பாண்டவன். முடி உனக்கு. யுதிஷ்டிரன் உனக்கு விசிறி பிடிப்பான், திரௌபதியும் உன்னிடம் வருவாள். ரசிகர் புனைவு கேட்கும் எல்லாவற்றையும் கிருஷ்ணன் அன்றே தட்டில் வைத்துக் கொடுத்தான்.

கர்ணன் மறுத்தான். அவன் சொன்ன காரணங்களில் துரியோதனன் நட்பை மட்டும்தான் தொடர்களும் படங்களும் உரக்கச் சொல்கின்றன. ஆனால் அவன் முதலில் சொன்னது வீட்டைப் பற்றி. என்னைக் கண்டதும் ராதைக்குப் பால் சுரந்தது, என் மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளியவள் அவள், எனக்குச் சடங்குகள் செய்து பெயர் வைத்தவர் அதிரதன், நான் மணந்ததும் சூதர் குலப் பெண்களை, என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களிடம் பிறந்தவர்கள், உலகமே கிடைத்தாலும் இந்த உறவைப் பொய்யாக்க மாட்டேன் என்கிறான். கடைசிவரை ராதேயன் என்றே நிற்கிறான். பிறப்பு ரகசியம் அவனுக்கும் தெரியும். அந்தக் கதவு வழியாகப் போக மாட்டேன் என்றுதான் அவன் சொன்னான்.

அண்ணன் தம்பி என்று பேசுகிறோமே, கர்ணனுக்கு வேறு தம்பிகளும் இருந்தார்கள். அவனை எடுத்து வளர்த்த பிறகு அதிரதனுக்கும் ராதைக்கும் சொந்தப் பிள்ளைகள் பிறந்தார்கள் என்று வன பர்வம் சொல்கிறது. விராட நாட்டுப் போரில் கர்ணனின் தம்பி சங்கிராமஜித்தை அர்ஜுனன் கொல்கிறான். துரோண பர்வத்தில் கர்ணனின் இன்னொரு தம்பி அபிமன்யுவின் கையால் சாகிறான். கூடவே வளர்ந்தவர்கள், ஒரே தாயின் கையால் உண்டவர்கள். இவர்களுக்கு வசனம் இல்லை, ஒன்றிரண்டு சுலோகத்தில் வந்து போகிறார்கள். பிள்ளைகளின் எந்தக் கதையிலும் நான் சங்கிராமஜித்தைப் பார்த்ததில்லை. அர்ஜுனன் கொல்லப்போவது அண்ணனை என்பதற்காக அழுகிறோம். அவன் ஏற்கெனவே கொன்ற தம்பி சூதன் என்பதால் கணக்கில் வரவில்லை.

கணக்கில் வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரக்கு மாளிகை எரிந்த இரவில் ஒரு நிஷாதப் பெண்ணும் அவளுடைய ஐந்து மகன்களும் விருந்துண்டு உள்ளே தூங்கினார்கள். குந்தியும் ஐந்து மகன்களும் சுரங்கம் வழியாகத் தப்பினார்கள். மறுநாள் கிடைத்த ஆறு பிணங்களைப் பார்த்துப் பாண்டவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஊர் நம்பியது. அந்தத் தாய்க்கும் அந்த ஐந்து சகோதரர்களுக்கும் ஆதி பர்வம் பெயர்கூட வைக்கவில்லை. வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி மட்டும் விடவில்லை. போர் முடிந்து காட்டில் முதுமையைக் கழிக்கும் குந்தியின் முன்னால் ஒரு நிஷாதப் பெண்ணை நிறுத்தி, நினைவிருக்கிறதா என்று கேட்கவைத்து ஒரு கதை எழுதினார். அதுவும் மகாபாரதத்தை மீண்டும் எழுதுவதுதான். ஆனால் யார் பக்கம் நின்று எழுதுகிறோம் என்பது அதில் மாறிவிட்டது.

*

எழுதும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

நிறுத்தாதீர்கள். மீண்டும் எழுதுவது விளையாட்டு என்று யாராவது சொன்னால், புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1948இல் தடைசெய்யப்பட்டு 1971இல்தான் விடுபட்டது என்று சொல்லுங்கள். பெரியாரின் ராமாயண நூலை ‘சச்சி ராமாயண்’ என்று இந்தியில் கொண்டுவந்த லலாய் சிங்கின் கதையைச் சொல்லுங்கள். 1969இல் உத்தரப் பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1976இல் அரசு தோற்றது. கதைக்கு வலிமை இல்லையென்றால் அரசுகள் இவ்வளவு மெனக்கெடாது.

அதேபோல் கர்ணனைப் புனிதராக்கிவிடவும் வேண்டாம். சூதாட்ட அவையில் திரௌபதியை விலைமகள் என்றவன் அவன். அவள் ஆடையைக் களையும்படி துச்சாதனனிடம் சொன்னவனும் அவன்தான். சல்லியனோடு சண்டை வந்தபோது மத்ர நாட்டு மக்களையும் அவர்கள் பெண்களையும் ஆசாரம் கெட்டவர்கள் என்று ஏசுகிறான். தன்மேல் விழுந்த சேற்றை அள்ளி அடுத்தவர் மேல் வீசுகிறான். சாதி ஏணியாக அடுக்கப்பட்டது, ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் மிதிக்க ஒரு கீழ்ப்படி கிடைக்கும் என்று அண்ணல் நமக்குச் சொன்னாரே, அதற்குக் கர்ணனே சாட்சி. இந்தக் கர்ணனை அப்படியே எழுதுங்கள். ஆணாகவும் சூதனாகவும் அவன் ஒரே நேரத்தில் என்னவாக இருந்தான் என்பது பாண்டவர் மடியில் அழும் கர்ணனைவிடப் பெரிய கதை.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கதையிலிருந்து பிறப்பு ரகசியத்தை எடுத்துவிடுங்கள். கர்ணன் அதிரதனுக்கும் ராதைக்கும் பிறந்தவனாகவே இருக்கட்டும். அப்போதும் அர்ஜுனன் வில்லைக் கீழே போடுவானா? அப்போதும் அரங்கத்தில் அவனுக்கு இடம் கிடைக்குமா? போடமாட்டான், கிடைக்காது என்றால், உங்கள் கதையில் சமாதானம் ஆனது இரண்டு க்ஷத்திரியர்கள்தான். சாதி அப்படியே இருக்கிறது. போடுவான் என்று எழுத வேண்டுமென்றால் அதற்கு அர்ஜுனன் என்னவெல்லாம் மாற வேண்டும், அந்த அரண்மனை என்னவெல்லாம் இழக்க வேண்டும் என்று எழுத வேண்டியிருக்கும். எழுதுவது கடினம்தான். அந்தக் கடினத்தை எங்களுக்குப் படிக்கக் கொடுங்கள்.

ஜலந்தர் தொழிலாளர்கள் கையில் துடைப்பம்தான் இருந்தது, அதைக் கீழே வைத்து ஒரு கதையை நீட்டவைத்தார்கள். உங்கள் கையில் எழுத்து இருக்கிறது. சங்கிராமஜித்துக்கு ஒரு வசனம் கொடுங்கள். அந்த ஐந்து நிஷாதச் சகோதரர்களுக்குப் பெயர் வையுங்கள்.

ஜெய் பீம்.